துப்பாக்கியில் விழாத சூடு

கட்டின மனைவியின் நெற்றிக்கு நேராகத் துப்பாக்கி நீட்டிய ஆள் நான். வெட்கத்தோடு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதற்கு இது மேல்.

சுடுகிற துப்பாக்கி இல்லை. கும்மிடிப்பூண்டியில் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் உலைப் பக்கம் எனக்கு வேலை. இயந்திரங்களின் பேரிங் சூடேறுகிறதா என்று எட்ட நின்று பார்க்க மஞ்சள் நிறத்தில் ஒரு கருவி வைத்திருக்கிறோம். பார்க்கத் துப்பாக்கி மாதிரியே இருக்கும். விசையை அழுத்தினால் ஒரு சிவப்புப் புள்ளி போய் விழும். பின்பக்கத் திரையில் எத்தனை டிகிரி என்று எண் வரும். அதைத்தான் டிபன் பையில், ரசம் சிந்திய டப்பாவுக்குப் பக்கத்தில் ஒளித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இருபத்து மூன்று வருஷம் உலை வாயில் நின்றவனுக்குச் சூட்டைப் பற்றித் தெரியாததா என்று ஒரு திமிர்.

கொண்டுவந்ததற்குக் காரணம் இருந்தது. அது மார்கழி மாதம். நைட் ஷிஃப்ட் முடித்துக் காலை ஆறரைக்கு வந்து கதவைத் தொட்டால், தாழ்ப்பாள் போடாமல் கிடக்கிறது. உள்ளே மின்விசிறி முழு வேகத்தில் ஓடுகிறது. கட்டில் காலி. கீழே சிமெண்ட் தரையில் ஈரத்தால் ஒரு ஆள் படுத்திருக்கிறது. தலை, தோள், இடுப்பு, கால் எல்லாம் அளவெடுத்து வரைந்த மாதிரி. ஆள் மட்டும் இல்லை. காற்றுப் பட்டு அந்த உருவம் கால் பக்கத்திலிருந்து காய்ந்துகொண்டு வந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாதம் போயிற்று, முழங்கால் போயிற்று.

சமையலறையில் வெள்ளையாக ஒரு வெளிச்சம். எட்டிப் பார்த்தேன். ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து, தலையை உள்ளே விட்டுக்கொண்டு என் மனைவி நின்றிருந்தாள்.

"இன்னாம்மே பண்றே?"

அவள் திரும்பவில்லை. "இன்னும் கொஞ்ச நேரம்," என்றாள். யாரிடமோ அனுமதி கேட்கிற குரல். தயிர்ச் சட்டிக்கும் முட்டைகளுக்கும் நடுவிலிருந்து வந்த அந்தக் குரல் என் வீட்டுக்காரி குரல் மாதிரியே இல்லை.

இதே காட்சியை மூன்றாவது தடவை பார்த்த பிறகுதான் துப்பாக்கியைக் கொண்டுவந்தேன். அவள் நெற்றியிலிருந்து வேர்வை கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. கழுத்து செக்கச் சிவந்திருந்தது. "எரியுதுய்யா, உள்ள யாரோ அடுப்பு வெச்ச மாதிரி எரியுது," என்றாள். விசையை அழுத்தினேன். நெற்றி நடுவில் சிவப்புப் பொட்டு விழுந்தது. திரையில் வந்தது முப்பத்து மூன்று. என்னைச் சுட்டுப் பார்த்தேன், முப்பத்தைந்து. அதாவது, எரிகிறவள் எரியாதவனைவிடக் குளிர்ச்சி.

"உனக்கு சூடே இல்லம்மே. மிஷினு பொய் சொல்லாது," என்றேன்.

அவள் அந்தச் சின்னத் திரையையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இட்லிக்கு மாவு எடுக்கப் போனாள். அன்றிலிருந்து எரிகிறது என்று என்னிடம் சொல்வதை நிறுத்திவிட்டாள். எனக்கோ ஒரு முடிவு கிடைத்துவிட்டது. உடம்பில் சூடு இல்லை. ஆனால் எரிகிறது. அப்படியென்றால் எரிவது அவள் இல்லை, அவளுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிற வேறு ஏதோ ஒன்று. கருவியை நம்பினவன் கடைசியில் பேயில் போய் நின்றேன். ஒரு எண்ணைக்கூட ஒழுங்காகப் புரிந்துகொள்ளத் தெரியாத படிப்பு என்னுடையது.

என் மேல் முழுப் பழியும் போடாதீர்கள். வீடும் அப்படித்தான் இருந்தது. பத்து மாதமாகவே அங்கே ஏதோ நடமாடிக்கொண்டிருந்தது.

பட்டப்பகலில் கையை உதறுவாள். "எறும்பு ஊருது பாரு." பார்த்தால் எறும்பு இருக்காது. கையைத் திருப்பி, கழுத்தைத் திருப்பி, டார்ச் அடித்தும் பார்த்திருக்கிறேன். இல்லை. ஆனால் அவள் தோலில் எதுவோ ஊர்ந்து போவதை அவள் கண்கள் பின்தொடரும். முழங்கையிலிருந்து தோள் வரைக்கும். தோளைத் தாண்டி அது எங்கே போனது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போது திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "யாரோ ஓடி வராங்கய்யா," என்பாள். தெருவில் யாரும் இருக்கமாட்டார்கள். இதயம் அடிப்பதைத்தான் அப்படிச் சொன்னாள் என்று இப்போது தெரிகிறது. அப்போது நான் எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன்.

அவள் வேலை செய்வது கையுறை தைக்கிற கம்பெனியில், செக்கிங் பிரிவில். அந்த இடத்தை ஒருமுறை பார்த்திருக்கிறேன். நீள மேஜை மேல் வரிசையாக இரும்புக் கைகள், விரலை விரித்துக்கொண்டு மேலே பார்த்து நிற்கும். எல்லாம் கரண்ட்டில் சூடாகிற கைகள். தைத்த தோல் கையுறையை அதில் மாட்டி, சுருக்கம் போனதும் உருவி, ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து, இடது வலது ஜோடி சேர்க்க வேண்டும். பதினொரு வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு செய்தவள் தப்பு பண்ண ஆரம்பித்தாள். ஒரு பெட்டி முழுக்க இடது கையோடு இடது கை. பிரித்துப் பார்த்த சூப்பர்வைசர், "இன்னாக்கா, ரெண்டும் பீச்சாங்கையா கீற ஆளுக்கா அனுப்பறே?" என்று கேட்டிருக்கிறான். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எது எந்தக் கைன்னு அப்போ எனக்குத் தெரியலய்யா. நெஜமாவே தெரியல."

பக்கத்துத் தெரு டாக்டர் கேஸ் என்றார், தூக்கம் இல்லை என்றார், "வயசாவுது இல்லம்மா" என்றார். சத்து மாத்திரை கொடுத்தார். அவள் தேடிக்கொண்டிருந்த செல்போன் அரிசி டிரம்முக்குள்ளிருந்து அடித்தது. ஒருநாள் டீ கொடுக்க வந்தவள் என் முகத்தைப் பார்த்து, ஒரு நொடி, யார் நீ என்பது போல நின்றாள். நான்தான் கை நீட்டி டீயை வாங்கிக்கொண்டேன்.

என் ஷிஃப்டில் ஆந்திர எல்லை தாண்டி, தடா பக்கத்திலிருந்து வரும் ஆள் ஒருவன் உண்டு. கேன்டீனில் நாஷ்டா சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னேன்.

"நைனா, இது காத்து. சந்தேகமே வேணாம். எங்க பக்கம் ஒரு பூசாரி கீறாரு. ரெண்டு தபா உக்காந்தா எறக்கிடுவாரு."

"டப்பு ஜாஸ்தி கேப்பாரா?"

"டப்ப பாத்தா பொண்டாட்டி கெடைக்க மாட்டா நைனா."

பூசாரி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தார். அந்த ஆளைப் பார்த்தால் பயமே வரவில்லை; எல்.ஐ.சி. ஏஜென்ட் மாதிரி பேண்ட் சட்டை, கையில் ரெக்ஸின் பை. பையைத் திறந்ததும்தான் ஒரு அடி பின்னால் நகர்ந்தேன். வேப்பிலை, எலுமிச்சம்பழம், சாம்பல், அடியில் சுருட்டி வைத்த தேங்காய்நார்க் கயிறு. என் மனைவி எதிரில் உட்கார்ந்தாள். எதிர்க்கவில்லை, அழவில்லை. அவர் ஏதேதோ முணுமுணுத்ததை அவள் கேட்ட மாதிரியே தெரியவில்லை. அவள் கண் அந்தப் பைக்குள்ளேயே இருந்தது.

"கட்டுவீங்களா?" என்று கேட்டாள்.

பூசாரி மந்திரத்தை நிறுத்தினார். "இன்னிக்கு இல்லம்மா. வெள்ளிக்கெழம பாக்கலாம். அது முரண்டு பண்ணா கட்ட வேண்டி வரும்."

நான் சிரித்தேன். பயந்தால் சிரிக்கிற வியாதி எனக்கு. "இன்னாம்மே, கட்டுனா ஓடிப் பூடுவியா?" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் யாருக்காவது விற்றுவிட முடிந்தால் விற்றுவிடுவேன். பூசாரி ஒரு எலுமிச்சம்பழத்தை வாசல் நிலைக்கு மேலே வைத்துவிட்டு, எடுக்கக் கூடாது என்று சொல்லிப் போனார்.

புதன்கிழமை காலை, நைட் ஷிஃப்ட் முடிந்து வருகிறேன். எங்கள் தெருமுனையில் அவள் நின்றிருந்தாள். வேலைக்குப் போகிற நேரம்தான். ஆனால் கட்டியிருந்தது மகள் கல்யாணத்துக்கு எடுத்த புடவை. நின்றிருந்தது கம்பெனி வேன் வராத பக்கம். நான் மரத்தடியில் ஒதுங்கினேன். பஸ் வந்தது, ஏறினாள். பின் படிக்கட்டு வழியாக நானும் ஏறினேன், துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு. அது அவளே வாங்கிக் கொடுத்த துண்டு. நான் துப்பறியும் லட்சணம் அது.

இரண்டு பஸ் மாறினாள். அவள் திரும்பியே பார்க்கவில்லை என்பதுதான் என்னைக் கலக்கியது. ஜன்னல் கம்பியில் கன்னத்தை வைத்துக்கொண்டு, இங்கே இல்லாத எதையோ எண்ணுவது போல உதடு அசைய உட்கார்ந்திருந்தாள். பூசாரி சொல்லியிருந்தார்: அது தன்னுடைய இடத்துக்கு அவளைக் கூட்டிப் போகப் பார்க்கும், விடாதே. குளம், கிணறு, தண்டவாளம் என்று ஒவ்வொன்றாக நினைத்தேன். பஸ் ஏரிக்கரையில் போனபோது நான் எழுந்தே நின்றுவிட்டேன். அவள் இறங்கவில்லை. கண்டக்டர்தான், "பெரியவரே, இது ஸ்டாப்பு இல்ல, குந்து," என்றான்.

திருவள்ளூரில் இறங்கினாள். மெயின் ரோட்டில் ஒரு டைல்ஸ் கடை. அதன் பக்கவாட்டில் குறுகலான மாடிப்படி. ஒரு படிக்கு ஒருதரம் நின்று நெஞ்சைப் பிடித்தபடி ஏறினாள். மேலே ஒரு கண்ணாடிக் கதவு அவளை உள்ளே விட்டு மூடிக்கொண்டது.

கொஞ்சம் பொறுத்து நானும் போனேன். உள்ளே வைத்தியசாலை மாதிரியே இல்லை. மருந்து வாசனை இல்லை, குழந்தை அழுகை இல்லை. ஏ.சி. எலும்புக்குள் போகிற குளிர். பதினைந்து இருபது பெண்கள், எல்லாம் என் மனைவி வயசு, சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். யாரும் பேசவில்லை. அந்தக் குளிரிலும் ஒவ்வொருத்தியும் கையில் இருந்த ஃபைலால் விசிறிக்கொண்டிருந்தாள். ஒரே வேகம், ஒரே பக்கம். ஃபைல்கள் அசைகிற சத்தம் மட்டும், வௌவால் சிறகு மாதிரி. ஒரே ஆம்பளை நான், பல் கிட்டிப்போய் நடுங்கிக்கொண்டிருந்தேன்.

முன்மேஜைப் பெண் என்னைக் கேட்டாள், "சார், பேஷண்ட் யாரு? உங்களுக்கா?"

"இல்லம்மா, எனக்கு இன்னும் ஆரம்பிக்கல," என்றேன். எதற்கு ஆரம்பிக்கல என்று எனக்கே தெரியாது. அவள் சிரிக்காமல் நாற்காலியைக் காட்டினாள். தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

தூணுக்கு அந்தப் பக்கம் இரண்டு பெண்கள் மெல்லப் பேச ஆரம்பித்தார்கள்.

"எனக்கு எறும்புக்கா. ஒடம்பு பூரா. பாத்தா ஒண்ணும் இருக்காது."

"எனக்கு ஃப்ரிட்ஜிக்குள்ள தலைய உட்டுக்கினாதான் உசுரு வருது. எங்க ஊட்டுக்காரு பாத்துட்டு, கரண்ட் பில்லு யாரு கட்டுவான்றாரு."

"தரையில படுக்கறியா நீ?"

"பின்னே? எந்திரிச்சா தரையெல்லாம் ஈரம். ஆளு படுத்த மாதிரியே கீது. எனக்கே பயமா கீது."

என் கழுத்து மயிர் நட்டுக்கொண்டது. என் வீட்டுக்குள் நடந்ததை, தடாக்காரனையும் பூசாரியையும் தவிர நான் ஒருவருக்கும் சொல்லாததை, முன்பின் தெரியாத இரண்டு பேர் சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். இதற்குத்தான் முதலில் பயந்தேன். பிறகுதான், ரொம்பத் தாமதமாக, புத்தி திரும்பியது. இத்தனை வீட்டுக்கும் ஒரே பேய் எப்படி வரும்? ஷிஃப்ட் போட்டா?

தலையைத் தூக்கினால் எதிரில் என் மனைவி நின்றிருந்தாள்.

"தடாக்காரன் துண்ட கிண்ட மாத்திக் கொடுத்திருக்கக் கூடாதா? பஸ் ஏறுனப்பவே தெரியும்," என்றாள். "வந்தது வந்துட்டே. வாயத் தொறக்காம உக்காரு."

இந்த டாக்டரைப் பற்றி அவளுக்குச் சொன்னது அவளோடு செக்கிங்கில் இருந்து போன வருஷம் நின்றுவிட்ட ஒரு பெண். மாதவிடாய் நிற்கிற பருவத்துக்கென்றே தனியாக வைத்தியம் பார்க்கிறவர், சென்னையிலிருந்து வாரத்துக்கு ஒருநாள் வருகிறார். அந்த ஒருநாளுக்காக மூன்று வாரம் முன்பே என் மனைவி நேரம் வாங்கி வைத்திருந்தாள். அதாவது, நான் பூசாரிக்கு நாள் குறிப்பதற்கும் முன்னால்.

கூப்பிட்டதும் அவள் பின்னாலேயே நானும் உள்ளே போய் உட்கார்ந்தேன். டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்பைத் தொடாமல் முதலில் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியாக எப்போது தூரமானீர்கள்? பதினாலு மாதம் ஆச்சு என்றாள். எனக்கு அது தெரியாது. அடுப்பில் இருக்கிற சிலிண்டர் என்றைக்குத் தீரும் என்று தெரிந்தவனுக்கு அது தெரியாது. தூக்கம், மறதி, நெஞ்சுத் துடிப்பு, எறும்பு ஒவ்வொன்றையும் அவர் கேட்கக் கேட்க, இவள் "ஆமா, ஆமா" என்றாள். ஒவ்வொரு ஆமாவுக்கும் அவள் தோள் கொஞ்சம் இறங்கியது.

"குடும்பத்துல யாருக்காவது இப்படி இருந்துதாம்மா?"

அப்போதுதான் சொன்னாள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் நான் கேட்காத கதை.

"எங்க சித்திக்கு, மேடம். இதே வயசு. எரியுது எரியுதுன்னு பட்டப்பகல்ல போயி ஏரியில எறங்கி நிப்பாங்க. காத்து அடிச்சிட்ச்சின்னு சொல்லி ஒரு கோயில்ல கொண்டுபோயி வுட்டாங்க. நான்தான் ஒரு தபா சோறு எடுத்துக்கினு போனேன். மரத்துல கட்டி வெச்சிருந்தாங்க. என்னப் பாத்து, 'எனக்கு ஒண்ணும் இல்லடி, எரியுது அவ்ளோதான்'ன்னாங்க. நான் பயந்துகினு ஓடியாந்துட்டேன். அப்பால கூட்டியாந்தாங்க. சாவற வரைக்கும் ஒரு வார்த்த பேசல மேடம். சிரிப்பாங்க, அவ்ளோதான்."

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள். ரெக்ஸின் பைக்கு அடியில் இருந்த கயிறு எனக்கு ஞாபகம் வந்தது. அவள் அதை ஏன் பார்த்தாள் என்பதும்.

என் மனைவி டாக்டரம்மாவைப் பார்த்து, ரொம்ப மெதுவாக, "எனக்கு பைத்தியம் இல்லியே, மேடம்?" என்றாள்.

"இல்லம்மா. பேயும் இல்ல, பைத்தியமும் இல்ல."

"எழுதிக் குடுப்பீங்களா?"

டாக்டரம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். எதற்கு, யாருக்குக் காட்ட என்று அவர் கேட்கவில்லை. மருந்துச் சீட்டில் தமிழிலேயே எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தார்: இவருக்கு இருப்பது மாதவிடாய் நின்ற பிறகு வரும் உடல் மாற்றம், மனநோய் இல்லை. என் மனைவி அதை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

வாயைத் திறக்காதே என்று சொல்லியிருந்தும், நான் துப்பாக்கிக் கதையைச் சொன்னேன். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "வேர்வை ஓடற தோல்ல பாத்தா எண் கொறச்சலாதான் சார் காட்டும். அது வேற. அவங்களுக்கு நெஜமாவே எரியுது. மூளையில உடம்புச் சூட்ட கவனிக்கற எடம் ஒண்ணு இருக்கு. ஹார்மோன் கொறஞ்சதும் அதுக்கு ஒரு சின்ன ஏத்த எறக்கம்கூட பெருசா தெரியும். உடனே வேர்க்க வெச்சு ஆத்தப் பாக்கும்."

எங்கள் உலையில் சூட்டை அளந்து சொல்லும் தெர்மோகப்பிள் கெட்டுப்போனால் இதேதான். சூடு சரியாக இருக்கும். அது தாறுமாறாகச் சொல்லும். மொத்த லைனும் பைத்தியம் பிடித்த மாதிரி ஆடும். அப்போது நாங்கள் உலைக்கு மந்திரிப்பதில்லை. தெர்மோகப்பிளைத்தான் பார்ப்போம்.

அன்றைக்கே மருந்து தரவில்லை. ரத்தப் பரிசோதனை, தைராய்டு, கர்ப்பப்பை ஸ்கேன், மார்பகத்துக்கு ஒரு எக்ஸ்ரே. வீட்டில் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் உண்டா, காலில் ரத்தம் கட்டியதுண்டா என்று துருவித் துருவிக் கேட்டார். அடுத்த புதனுக்கு அடுத்த புதன் முடிவுகளைப் பார்த்துவிட்டுத்தான், கையில் தடவிக்கொள்ள ஒரு ஜெல்லும், படுக்கும்போது போட ஒரு மாத்திரையும் எழுதினார். "எல்லாருக்கும் குடுக்கற மருந்து இல்ல இது. உங்களுக்கு ஒத்துக்கும்னு தோணுது. கர்ப்பப்பை இருக்கறதால ஜெல் மட்டும் போதாது, மாத்திரைய விடக்கூடாது. மூணு மாசத்துல வந்து காட்டணும். நடுவுல ரத்தம் பட்டாலோ, கால் வீங்கினாலோ அன்னிக்கே வாங்க."

பூசாரிக்கு வியாழக்கிழமையே போன் போட்டு, வெள்ளிக்கிழமை வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். அவர் கோபப்படவில்லை. "சரி. ஆனா அரகொறயா வுட்டது எங்கயாவது போயி குந்திக்கும். அதுக்கு நான் பொறுப்பில்ல," என்று வைத்துவிட்டார். படித்த டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகும், அந்த வாக்கியம் என்னோடு ஷிஃப்டுக்கு வந்தது, ஷிஃப்டிலிருந்து வந்தது.

மருந்து ஆரம்பித்து ஐந்தாவது வாரம் இருக்கும். காலையில் வந்தேன். கதவு தாழ் போட்டிருந்தது. என் சாவியால் திறந்தேன். மின்விசிறி மெல்லச் சுற்றியது. தரை காய்ந்து கிடந்தது. ஃப்ரிட்ஜ் மூடியிருந்தது. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை, எனக்கு அதுவே தாங்கவில்லை. இத்தனை நாள் நடமாடியது எங்கே போனது? கட்டிலில் அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள், அசைவே இல்லாமல். குனிந்து மூக்குக்கு நேராக விரலை நீட்டினேன். மூச்சு வந்தது. தூங்குகிறாள். பத்துப் பன்னிரண்டு மாதத்தில் அவள் தூங்கி நான் பார்த்ததில்லை. அது எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது.

வாசல் நிலைக்கு மேலே கை விட்டு அந்த எலுமிச்சம்பழத்தை எடுத்தேன். கறுத்து, சுருங்கி, சின்னத் தலை மாதிரி இருந்தது. அதிலிருந்து என் மணிக்கட்டு வழியாக வரிசையாக ஏறின, நிஜ எறும்புகள்.

கையுறை மறுபடி ஜோடி சேர ஆரம்பித்தது. எறும்பு அவளிடம் அடியோடு போகவில்லை, எப்போதாவது உதறுவாள். அந்தச் சீட்டு இன்னும் அவளிடம் இருக்கிறது. முதலில் ஜாக்கெட்டுக்குள், இப்போது ஆதார் கார்டோடு பர்ஸில்.

போன மாதம் ஆர்.கே.பேட்டையில் பேத்திக்குக் காது குத்தினோம். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்த சம்பந்தி, "சம்மந்திம்மா மொகமே தெளிஞ்சிட்ச்சே, இன்னா வைத்தியம்?" என்று கேட்டார். நாலு பேர் காதில் விழட்டும் என்று இலையிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தேன். "திருவள்ளூர்ல ஸ்பெஷலிஸ்டுங்க. நான்தான் கூட்டிக்கினு போயி காட்டுனேன்," என்றேன்.

என் மனைவி சாம்பார் வாளியோடு எனக்கு நேர் எதிரில் வந்து நின்றாள். கரண்டியை இலைக்கு மேலே நிறுத்திவிட்டு, சம்பந்தியைப் பார்த்துச் சொன்னாள்:

"இது என்னைக் கயித்தால கட்டறதுக்கு ஆள் கூட்டிக்கினு வந்துது, சம்மந்தி. டாக்டராண்ட நான் தனியாதான் போனேன்."